வரிசை சரி, விடை சரியா?

பள்ளிப் பணியை ஒப்படைக்கப் பத்து நிமிடமே இருக்கும். எழுதிய பைத்தான் நிரல் கோணல்மாணலாகக் கிடக்கும். ‘பிளாக்’ போன்ற ஒழுங்கமைப்புக் கருவியை ஓடவிட்டால், இடைவெளி, மேற்கோள்குறி, வரி நீளம் எல்லாம் நொடியில் சீராகிவிடும். மனமும் நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதியைத்தான் நாம் சற்றுச் சந்தேகிக்க வேண்டும்.

ஐந்து தேர்வுகளின் மதிப்பெண்களைக் கையாள ஒரு லூப் எழுதுகிறோம். அதற்குள் மதிப்பெண்ணைத் திரையில் காட்டும் வரி ஒன்று, மொத்தத்துடன் கூட்டும் வரி ஒன்று. அவசரத்தில் இரண்டாவது வரி இடப்பக்கம் நகர்ந்து லூப்பிற்கு வெளியே வந்துவிட்டால், கடைசி மதிப்பெண் மட்டுமே கூட்டப்படும். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே பொருளைத் தீர்மானிக்கிறது. இரண்டு வடிவங்களும் இலக்கணப்படி சரிதான். நாம் நினைத்தது எது என்று கருவிக்குத் தெரியாது. அது பிழையையும் அழகாக அடுக்கிக் கொடுத்துவிடும்.

இப்படிப்பட்ட சறுக்கல் மாணவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2014ல் ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலில் ‘கோட்டு ஃபெயில்’ என்ற வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது தெரியவந்தது. இரண்டாவது வரி, மேலிருந்த ‘இஃப்’ நிபந்தனைக்கு உட்பட்டதுபோல் தள்ளி எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அது எப்போதும் இயங்கி, இணையத் தொடர்பின் முக்கியச் சோதனையைத் தாண்டிச் சென்றது. ஒழுங்கமைப்புக் கருவி அந்த வரியை இடப்பக்கம் இழுத்துப் பிழையைக் கண்ணில் படச் செய்திருக்கும், ஆனால் நீக்கியிருக்காது.

சில வேளைகளில் கருவி நல்லதையும் கலைத்துவிடும். அணியின் எண்களை நேர் நெடுவரிசையில் அடுக்கி எழுதினால், ‘பிளாக்’ கூடுதல் இடைவெளிகளை நீக்கிவிடும். அந்தப் பகுதியைத் தொட வேண்டாம் என்று கருவிக்குச் சொல்லும் குறிப்பு வரி உண்டு. அதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழுப்பணியில் ‘உன் பாணியா, என் பாணியா’ என்ற வீண் சண்டையை அது தீர்த்துவைக்கிறது. ஆனால் பொருத்தமற்ற பெயரை அது மாற்றாது, தவறான கணக்கைத் திருத்தாது. ஆகவே, கருவியை ஓடவிட்ட பிறகு நிரலை ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துச் சோதியுங்கள். அதற்குப் பிறகு ஒப்படையுங்கள்.