கொடைரோட்டில் இறங்கினால் கொடைக்கானல் வந்துவிடாது

ரயில் டிக்கெட்டில் 'கொடைக்கானல் ரோடு' என்று இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது கொடைரோடு. பழைய ஆட்களைக் கேட்டால் அம்மையநாயக்கனூர் என்பார்கள். மூன்றும் ஒரே ஸ்டேஷன்தான். சென்னையிலிருந்து ராத்திரி புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே இங்கே வந்து நிற்கும். கொடைக்கானல் என்ற பெயரை மட்டும் படித்துவிட்டு வந்த குடும்பம், ரயிலிலேயே குழந்தைகளுக்கு ஸ்வெட்டர், குல்லா எல்லாம் மாட்டிவிட்டு இறங்கும். இறங்கிய ஐந்தாவது நிமிடம் குழந்தைக்கு வியர்க்க ஆரம்பிக்கும். அப்புறம்தான் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் வரும்: மலை எங்கே?

மலை இருக்கிறது, 80 கிலோமீட்டர் தள்ளி! நிலக்கோட்டை, வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோடு வந்து ('காட் ரோடு' என்ற ஆங்கிலம் அங்கே ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது), அதற்குப் பிறகுதான் ஏற்றமே தொடங்கும். சமவெளியில் இருக்கும் கொடைரோட்டிலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் உள்ள ஊருக்கு ஏறிப் போக மூன்று மணி நேரமாவது ஆகும்.

ஸ்டேஷன் பெயரில் பொய் ஒன்றும் இல்லை. 'ரோடு' என்று முடியும் ஸ்டேஷன்கள் நம் நாட்டில் நிறைய உண்டு. நாசிக் ரோடு, அபு ரோடு, நம்மவர்கள் ராகவேந்திரரைப் பார்க்கப் போகும்போது இறங்கும் மந்திராலயம் ரோடு. "இந்த ஊருக்குப் போகிற சாலை இங்கிருந்து கிளம்புகிறது, ஊர் இங்கே இல்லை" என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆனால் மந்திராலயம் ரோட்டிலிருந்து கோயிலுக்குப் போக ஒரு ஷேர் ஆட்டோ போதும். அபு ரோட்டிலிருந்து மவுண்ட் அபு முப்பது கிலோமீட்டருக்குள். நம் கொடைரோடு மட்டும் அந்த ஒரு வார்த்தைக்குள் 80 கிலோமீட்டரை ஒளித்து வைத்திருக்கிறது.

தெரியாத ஊரில் குடும்பத்தோடு போய் இறங்கும் முதல் ஒரு மணி நேரம்தான் சுற்றுலாவிலேயே அதிகம் செலவு வைக்கும் நேரம். ஹோட்டல் வாடகையை நாலு இடத்தில் விசாரிக்கலாம். சாப்பாடு சரியில்லை என்றால் அடுத்த வேளைக்கு வேறு கடை பார்க்கலாம். இறங்கிய இடத்தில் மட்டும் எதுவும் செய்ய முடியாது. கையில் நாலு பை, தோளில் தூங்கும் குழந்தை, பக்கத்தில் மூட்டு வலியோடு பாட்டி. ஒவ்வொரு பைக்கும் அப்பாவின் பேரம் பேசும் சக்தி பத்து சதவீதம் குறையும் என்று ஒரு கணக்கே போடலாம். மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்கிற அதே மனிதர், இங்கே முதலில் சொன்ன வாடகைக்கே தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறுவார். அம்மா முறைப்பார். சுற்றுலாவின் முதல் சண்டை காட்ரோடு வருவதற்குள் முடிந்திருக்கும்.

காமர்ஸ் படிப்பவர்கள் பொருளாதாரப் பாடத்தில் 'நிறைவுப் போட்டி' என்று ஒன்றைப் படித்திருப்பார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சந்தையைப் பற்றி எல்லாமே தெரியும் என்பது அதில் ஒரு நிபந்தனை. பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் வாங்கியதோடு அதை மறந்துவிடுவோம். அந்த நிபந்தனை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால், அதிகாலை நாலரை மணிக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் போய் நின்றால் போதும். 1961-ல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார் (1982-ல் நோபல் பரிசு வாங்கியவர்). விலை விசாரிப்பதற்கும் ஒரு செலவு உண்டு, அதனால்தான் ஒரே பொருளுக்கு ஒரே சந்தையில் பல விலை இருக்கிறது என்பது அதன் சாரம். அனுபவமில்லாமல் அதிக விலை கொடுப்பவருக்கு அவர் காட்டும் உதாரணமே சுற்றுலாப் பயணிதான்!

"அப்படியானால் டிரைவர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்கிறீர்களா?" என்று யாராவது கேட்கலாம். அவசரப்பட வேண்டாம், அவர் பக்கத்துக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்.

80 கிலோமீட்டர் மேலே போனால் 80 கிலோமீட்டர் கீழே வர வேண்டும். ஆக ஒரு சவாரி என்பது 160 கிலோமீட்டர். காலையில் மேலே ஏற ஆள் உண்டு. ஆனால் கொடைக்கானலிலிருந்து சென்னைக்குத் திரும்புபவர்கள் ராத்திரி ரயிலைப் பிடிக்கச் சாயங்காலம்தான் இறங்குவார்கள். காலையில் ஏறிய வண்டி சும்மா கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம் வரை மேலேயே காத்துக் கிடக்க வேண்டும். மலைச் சாலையில் லோ கியரில் டீசல் தண்ணீராகப் போகும். டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயும். இதோடு வண்டிக்கு வாங்கிய கடனின் தவணை, இன்சூரன்ஸ், டூரிஸ்ட் பெர்மிட். எல்லாவற்றுக்கும் மேல் தூக்கம் விழித்து ரயிலுக்குக் காத்திருந்து, சவாரி கிடைக்காமல் வீட்டுக்குப் போகிற நாட்களும் இருக்கும். கிடைக்காத நாளின் நஷ்டத்தையும் கிடைத்த நாளில்தானே எடுக்க முடியும்? அவர் சொல்லும் வாடகையில் எவ்வளவு நியாயம், எவ்வளவு அதிகம் என்று வந்து இறங்கியவருக்குத் தெரியாது. நியாயமான வாடகை கேட்கிற டிரைவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அந்த வகையில் நேர்மையான டிரைவருக்கும் இது நஷ்டம்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே ரயிலிலிருந்து இரண்டு குடும்பம் இறங்கும். இரண்டும் போவது ஒரே ஊருக்கு. ஆளுக்கொரு வண்டி பிடித்து, இரண்டு வண்டியும் பாதி காலியாக, ஒன்றன் பின் ஒன்றாக மலை ஏறும். "நாங்களும் கொடைக்கானல்தான், சேர்ந்து போலாமா?" என்று கேட்க இரண்டு பேருக்கும் கூச்சம். நடுவில் ஒரு கவுண்டர் இருந்து, ஒரு ஆள் உட்கார்ந்து சேர்த்துவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் செலவு பாதியாகும்.

இந்த மலைக்கு வந்து முதலில் திண்டாடியவர்கள் நம் ஊர்க்காரர்கள் கிடையாது. கொடைக்கானலில் 1845-ல் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள். சமவெளியின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்து குடும்பத்தோடு மலைக்கு ஓடியவர்கள். 1875-ல் தென்னிந்திய ரயில்வே மதுரை வரை வந்த பிறகு, ரயிலில் வருகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம், பெரியகுளம் பக்கம் மலையடிவாரத் தோப்பு வரை. பிறகு ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் டோலியிலோ மேலே ஏற வேண்டும். வத்தலக்குண்டு பக்கமிருந்து மோட்டார் போகிற மலைச் சாலை வந்தது 1910-களில்தான். அதைப் போட்ட லா என்பவரின் பெயரால் அதற்கு 'லாஸ் காட்' என்றே பெயர். கடல் தாண்டி வந்த ஒரு குடும்பம், மொழி தெரியாமல், பெட்டி படுக்கையோடு, அந்தச் சின்ன ஸ்டேஷனில் நின்று வண்டி பேசியதை நினைத்துப் பாருங்கள். மாட்டு வண்டி போய் ஜீப்பும் காரும் வந்துவிட்டன. வண்டி பேசும் முறை என்னவோ அப்படியேதான் இருக்கிறது.

நீலகிரிக்கு வேறு மாதிரி அதிர்ஷ்டம். மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் அடுத்த பிளாட்பாரத்தில் மலை ரயில். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை வந்துவிட்டது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்ற பெயரும் கிடைத்தது. அதில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது வேறு கதை. ஆனால் கட்டணம் எவ்வளவு என்பது டிக்கெட்டிலேயே இருக்கிறது, அதில் யாரும் பேரம் பேசுவதில்லை. கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது என்பதால் அந்த வேலையைக் கொடைரோட்டு வாசல்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் பார்ப்போம். நம் ஊரிலிருந்து மலேசியா போகிற குடும்பங்கள் அதிகம். கோலாலம்பூர் விமான நிலையம் 1998-ல் செப்பாங்கில் திறக்கப்பட்டது. பெயரில்தான் கோலாலம்பூர், நகரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. யோசித்தால் அதுவும் ஒரு கொடைரோடுதான்! ஆனால் அங்கே டாக்ஸிக்குக் கூப்பன் கவுண்டர் வைத்தார்கள். எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் பணம் கட்டினால் சீட்டு கிடைக்கும், அதை டிரைவரிடம் கொடுத்தால் போதும். 2002-ல் நகரத்துக்கே தனி ரயிலும் விட்டார்கள். மலாய் ஒரு வார்த்தை தெரியாத தமிழ்க் குடும்பம் அங்கே ஏமாறாமல் வெளியே வந்துவிடும். அதே குடும்பம் தமிழ் பேசும் திண்டுக்கல் மாவட்டத்தில் இறங்கும்போது முழிக்கிறது. விமான நிலையத்துக்கு இருக்கும் பணம் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு ஏது என்று கேட்டால், கூப்பன் சீட்டு அடிக்க ஓடுபாதை தேவையில்லையே.

"டூர் போகிறவன் பணம் இருப்பவன்தானே, கொஞ்சம் அதிகம் கொடுத்தால் என்ன?" என்று சொல்பவர்கள் உண்டு. பணம் இருப்பவர் மதுரை வரை விமானத்தில் வந்து அங்கிருந்தே காரில் போய்விடுவார், இல்லாவிட்டால் வீட்டு வாசலிலேயே தன் காரில் ஏறிவிடுவார். கொடைரோட்டில் இறங்குபவர்களில் பாதிப் பேர் ஸ்லீப்பர் கிளாஸில், பழைய சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருபவர்கள். வருடம் முழுக்கச் சேர்த்து, இரண்டு ராத்திரிக்குக் கணக்குப் போட்டுக் கொண்டு வந்த பணம். அதில் முதல் மணி நேரத்தில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போனால், ஏரியில் படகு சவாரி இல்லை, குழந்தை கேட்ட குதிரை சவாரி இல்லை. அந்த நஷ்டம் படகுக்காரருக்கும் குதிரைக்காரருக்கும் கூடத்தான்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். உண்மைதான். மேப்பைப் பார்த்தால் 80 கிலோமீட்டர் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், ஸ்வெட்டர் பிரச்சினையாவது தீரும். ஆனால் அந்த நேரத்தில் அந்தத் தூரத்துக்கு எது நியாயமான வாடகை என்று மேப் சொல்லாது. வத்தலக்குண்டுக்கு டவுன் பஸ் ஏறிப் போய், மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வரும் கொடைக்கானல் பஸ்ஸை அங்கே பிடித்தால் மிகக் குறைந்த செலவில் போய்ச் சேரலாம் என்பது ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டியவர் வெளியூர்க்காரர். (வத்தலக்குண்டில் இறங்க நேர்ந்தால், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர் பிறந்த ஊர் அது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். பஸ் வரும் வரை பொழுது போகும்.)

2024 மே 7 முதல் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். மலையின் நிலைமையைப் பார்த்தால் நல்ல முடிவுதான். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்றும் அறிவித்தார்கள். ஆனால் புதிதாக வந்து இறங்குபவருக்கு இது மேலும் ஒரு குழப்பம். பாஸ் யார் எடுக்க வேண்டும், டிரைவரா, நாமா? உள்ளூர் சிம் இல்லாத வெளிநாட்டுக் குடும்பம் என்ன செய்யும்? "பாஸ் எல்லாம் நான் பார்த்துக்கறேன் சார்" என்று சொல்லி அதற்கும் ஒரு தொகை சேர்த்தால், அது சரியா தவறா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எத்தனை வண்டி மலை ஏறுகிறது என்று எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அந்த வண்டிக்கு வாடகை என்ன என்று எழுதி வைப்பது பெரிய வேலை இல்லை. டிரைவர்களையும் உட்கார வைத்துப் பேசி, திரும்பி வரும் காலி ஓட்டத்தையும் சேர்த்து ஒரு தொகையை முடிவு செய்யலாம். சீசனில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும், அதையும் எழுதட்டும். ரயில் வரும் நேரத்துக்கு வத்தலக்குண்டு பஸ் ஒன்றை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினால் இன்னும் நல்லது.

குறைந்தபட்சம் ஒரு போர்டு. தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும். கொடைக்கானல் 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு. கார் என்ன வாடகை, ஜீப் என்ன வாடகை, எத்தனை பேர் ஏறலாம். பஸ்ஸுக்கு இ-பாஸ் வேண்டுமா, வேண்டாமா. அதை ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் மாட்டாமல், படியிறங்கும் இடத்தில் மாட்ட வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். பார்க்கப் போகிறவர்கள் விடியும் முன் தூக்கக் கலக்கத்தில் வருபவர்கள் என்பதால், மேலே ஒரு ட்யூப் லைட்டும் எரிய வேண்டும்.