பாதிரிமார் குடியிருப்பும் சைவர் சரியையும்

தென்காசியினின்று திருக்குற்றாலஞ் செல்லும் வழியிற் சிற்றாற்றங்கரையில் விளங்குவது இலஞ்சி என்னுந் திருத்தலம். அருணகிரிநாத சுவாமிகளது திருப்புகழ் பெற்ற குமரவேள் ஈண்டு எழுந்தருளியுள்ளார். ஆனி ஆடித் திங்களிற் சாரல் பொழியுங் காலத்து அருவியாடப் போவார் பலரும் இவ்வழியே செல்வர். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலே திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த வெள்ளையரும் கோடை வெப்பத்திற்கு ஆற்றாது குற்றாலத்துப் பங்களாக்களில் வந்து தங்குவாராயினர். அவருட் கிறிஸ்து மதப் பாதிரிமாரும் இருந்தனர்.

இதனைக் காட்டி, "பாதிரிமார் சுகவாசிகள்; அரசின் வலியாலும் வெள்ளிப் பணத்தாலும் ஏழைகளை மயக்கி மதம் மாற்றினர்; அவர் செய்தது அவ்வளவே" என்று எழுதுவாரும் மேடையேறிப் பேசுவாரும் சைவருட் பலர். சாரற் காலத்துச் சில வாரங்களைக் கண்ட இவர், ஆண்டின் எஞ்சிய நாளெல்லாம் அப்பாதிரிமார் எங்கிருந்தனர், என்ன உண்டனர், யாருடன் பேசினர், இறந்தபின் எம்மண்ணிற் புதைக்கப்பட்டனர் என்று ஆராய்ந்தாரல்லர். ஆராயாது கூறும் இக்கூற்றுப் பாதிரிமாருக்கு ஒரு தீங்குஞ் செய்வதன்று; சைவத்துக்கே தீங்கு செய்வது. என்னை? பிறன் வென்றது சூழ்ச்சியாலென்று கொண்டால், தான் தோற்றது தன் சோம்பலாலென்று உணரவேண்டுவது இல்லையாய் முடியுமன்றோ?

இக்கூற்றினை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வாம்.

அரசின் வலியால் வந்தனர் என்பது முதற்கூற்று. சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அத்துறை டேனியர்க்குரியது. அவரை அனுப்பியவன் டேனிய அரசனே. எனினும் அங்கிருந்த டேனியத் தலைவனே அவரை 1708இல் சிறையிலிட்டு நான்கு திங்கள் வைத்திருந்தான். ஆங்கிலக் கும்பினியாரோ, பாதிரிமார் வந்தாற் குடிகள் வெகுண்டு வாணிகங் கெடுமென்று அஞ்சி, 1813இல் தங்கள் சாசனம் திருத்தப்படுங்காறும் அவர்க்கு வழிவிடாது தடுத்தே வந்தனர். பின்னர் அரசின் நிழல் அவர்க்குத் துணையாயிற்றென்பது மெய்யே. ஆயினும் வேர் ஊன்றியது நிழல் வந்தபின்னன்று. திண்ணைப் பள்ளியிலே தமிழ்ச் சிறாரோடு கீழேயமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிக் கற்றவர் சீகன்பால்கு. வயது வந்த அயல்நாட்டான் ஒருவன் ஐந்து வயதுச் சிறுவனோடு அரிச்சுவடி படிப்பதற்கு எந்த அரசின் வலியும் உதவாது. தாழ்மை ஒன்றே உதவும்.

சுகவாசிகள் என்பது இரண்டாங் கூற்று. அயர்லாந்து நாட்டில் 1814இல் பிறந்த கால்டுவெல் ஐயர் 1838இல் சென்னையடைந்து, மூன்றாண்டு தமிழ் கற்று, 1841இல் திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். பல்லக்கேறிச் செல்வது அக்காலத்து வெள்ளையர் வழக்கம். அவரோ தஞ்சை, நீலகிரி முதலிய இடங்களைக் கண்டும், வழியில் ஊராரோடு பேசியும், பெரும்பாலுங் கால்நடையாகவே வந்தார். வந்து சேர்ந்த இடையன்குடியோ குற்றாலம்போற் குளிர்ந்த இடமன்று. செம்மணற்றேரி சூழ்ந்த பனங்காட்டுச் சிற்றூர். காற்றடிக்குங் காலத்துக் கண்ணிலும் சோற்றிலும் மணல் விழும். அவ்வூரிலே தெருக்களை நேராக்கியும், கிணறு தோண்டுவித்தும், மரம் வைப்பித்தும், பள்ளி நிறுவியும் பல்லாண்டு வாழ்ந்தார். அங்கு அவர் 1847இல் தொடங்கிய கோயில் 1880இலேதான் நிறைவெய்திற்று. முப்பத்துமூன்றாண்டு ஒரு பணியை விடாது பற்றிநின்றார். 1891இல் கொடைக்கானலில் இறந்த அவரது உடலை அவ்வூருக்கே கொணர்ந்து அடக்கஞ் செய்தனர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அந்நூலைப் பாராட்டுவார் பலர். அது மணற்காட்டிற் குடியிருந்தவர் செய்த நூலென்று நினைவார் சிலர்.

அவர் மனைவியார் எலைசா அம்மையார் நாகர்கோவிற் பாதிரியார் ஒருவரின் மகளார். தமிழ்ப் பேச்சிற் பழகிய அவ்வம்மையார் இடையன்குடிப் பெண்களைத் தம் வீட்டிற் கூட்டி எழுத்தும், சரிகைப்பின்னல் போன்ற நூற்பின்னல் வேலையும் கற்பித்தார். பனையேறிப் பிழைப்பார் வீட்டுப் பெண் தன் கையாற் காசு சம்பாதித்தாள். அக்காசோடு அவள் நெஞ்சும் அம்மதத்தின்பாற் சென்றது. இதனை மயக்கு என்று கூறின், அவளுக்கு அவ்வுதவி செய்யாதவாறு நம்மைத் தடுத்த மயக்கம் யாது என்று வினவப்படும்.

களக்காட்டை அடுத்த டோனாவூரையும் நோக்குக. பாளையங்கோட்டையில் 1820 முதல் 1838இல் இறக்குங்காறும் வாழ்ந்த ரேனியஸ் ஐயர், டோனா என்னும் பிரஷ்ய நாட்டுப் பிரபு அளித்த பொருளால் ஏற்படுத்திய ஊர் அது. அவ்வூரில் 1901இல் குடிபுகுந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், தாம் இந்தியா வந்த 1895 முதல் 1951இல் இறக்குங்காறும் ஒருமுறையேனுந் தாய்நாடு திரும்பினாரல்லர். சேலையுடுத்து, மாட்டுவண்டியில் ஊரூராய்த் திரிந்து, கோயிற்றாசித் தொழிலுக்கு விடப்படவிருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். தம் கல்லறைக்குக் கல்லும் வேண்டாவென்றார். பறவைகள் நீரருந்துந் தொட்டி ஒன்றே அவ்விடத்து வைக்கப்பட்டுள்ளது.

அவர் நம் கோயில்களைப்பற்றி எழுதியவற்றிற் கடுஞ்சொல் உண்டு. அது சைவர் நெஞ்சைப் புண்படுத்துவதே. ஆயினும், சிவபெருமான் திருமுன் ஆடிப்பாடும் திருத்தொண்டாகத் தொடங்கியதொன்று, சிறுமியரை விலைப்படுத்தும் வழக்கமாய் இழிந்தபோது, அக்குழந்தைகளைத் தூக்கி ஓடியது யார் கை? முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையில் அவ்வழக்கத்தை எதிர்த்தபோது, அதனைச் சாத்திரங் காட்டிக் காக்க முற்பட்டோரும் நம்மவரே. 1947இலே சட்டத்தால் அஃது ஒழிந்தது. அடியவர் கடமையைச் சட்டம் செய்யவேண்டி வந்தது வெட்கத்துக்கு இடமாவதன்றிப் பெருமைக்கு இடமாவதன்று.

பணத்தால் வாங்கினர் என்பது மூன்றாங் கூற்று. இதற்கு விடை பாதிரிமாரிடத்தில்லை. நம் கோயில் வாயிலில் உள்ளது. சிவபெருமானையே வழிபட்டு, மதம் மாறாது நின்ற நாடார் குலத்தார் 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசர் திருக்கோயிலினுட் புகுந்து வணங்கினர். அவர் புகுந்தது குற்றமென்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கு மதுரைக்கும் சென்னைக்கும் சென்று, கடல் கடந்து இலண்டன் பிரிவிக் கவுன்சில் ஏறி, 1908இல் அவர்க்கெதிராகவே முடிந்தது. பாதிரியார் பனங்காட்டு வாயிலில் நின்று "வருக" என்றார்; சைவர் சிவன் கோயில் வாயிலில் நின்று "வாரற்க" என்றனர். அங்ஙனங் கூறுதற்குச் செலவிட்ட பொருள் எத்துணை! அப்பொருளால் அச்சீமையில் எத்தனை பள்ளிகள் நடத்தியிருக்கலாம்! உள்ளே வர வேண்டி நின்றவனை வெளியே தள்ளியபின், வெளியே நின்றவன் அவனைக் கைப்பிடித்தானென்று புலம்புவது எவ்வாறு பொருந்தும்?

இலஞ்சியினின்று சிலகல் தொலைவிலுள்ள செங்கோட்டை 1956 வரையில் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்தது. 1936இல் அந்நாட்டரசர் விடுத்த விளம்பரத்தால், அரசாங்கத்துக்குட்பட்ட திருக்கோயில்கள் எல்லா வகுப்பார்க்கும் திறக்கப்பட்டன. இப்பாற் சென்னை மாகாணத்திலோ அதற்கு 1939இலும் 1947இலும் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஒரே மலையின் சாரல், ஒரே தமிழ், ஒரே சிவநாமம். எல்லைக்கல்லுக்கு அப்பால் அடியவனாயினான் இப்பால் தீண்டத்தகாதவன் ஆனானென்றால், அவ்வேறுபாடு ஆகமத்தினின்று வந்ததோ, மனிதர் மனத்தினின்று வந்ததோ, அறிவுடையோர் துணிக.

இனி, பாதிரிமாரிடத்துக் குற்றமே இல்லையோவெனின், உண்டு. அதனை மறைப்பதும் அறமன்று. அவர் தாய்நாட்டாரிடத்துப் பொருள் பெறவேண்டியவராதலின், இந்நாட்டை இருள் நிறைந்ததாகவே எழுதியனுப்பினர். சீகன்பால்கு ஐயர் தமிழர் தெய்வங்களைப்பற்றி நூல் ஒன்று எழுதி 1713இல் அனுப்ப, அவரை ஆதரித்தோர், "அஞ்ஞானத்தை அழிக்க அனுப்பினோமேயன்றி அதனை ஐரோப்பாவிற் பரப்ப அனுப்பினோமல்லோம்" என்னுங் கருத்தினராய் அதனை அச்சிடாதொழிந்தனர். அது 1867இலேதான் அச்சேறிற்று. கால்டுவெல் ஐயர் 1849இல் திருநெல்வேலிச் சாணாரைப்பற்றி எழுதிய சிறுநூல், தாம் உடனுறைந்த மக்களையே தாழ்த்தி எழுதியது. அம்மக்கள் வெகுண்டெழ, அந்நூலை வழங்காது நிறுத்த வேண்டியதாயிற்று. அப்பாதிரிமாரிடத்தே கற்ற சட்டாம்பிள்ளை என்பார் 1857இல் பிரகாசபுரத்திலே தனியே இந்துக் கிறிஸ்து சபையொன்று நிறுவி, வெள்ளையர் ஆட்சியை உதறினார். உடன் வாழ்தல் வேறு, உடன்பிறந்தாராய் வாழ்தல் வேறு என்பதைப் பாதிரிமாருக்குக் கற்பித்தவர் அவர் மாணவரே. பல்லாண்டு உடனிருந்தும், பனையடியில் விளக்கேற்றிக் கும்பிட்ட கிழவியின் உள்ளத்தில் அன்பு உண்டென்று காணாது, "பேய் வழிபாடு" என்றெழுதியது கண்ணிருந்துங் காணாமையே.

சைவ சித்தாந்தமோ இவ்விடத்துப் பரந்த நோக்குடையது. யாவர் எத்தெய்வத்தை வழிபடினும், அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்பவன் சிவபெருமானே என்பது சிவஞான சித்தியாரிற் கண்ட துணிபு. அத்துணிபுடையார், பாதிரிமார் நோயாளிக்கு மருந்திட்டதையும் அநாதைக்குச் சோறூட்டியதையும் இகழ இடமில்லை. அவர் இகழ்ந்ததை மறுக்க. அவர் செய்ததை மதிக்க. மறுப்பும் மதிப்பும் ஒருங்கு செய்யவல்லதே மெய்ச்சமயம்.

"சைவம் ஆள் சேர்க்குஞ் சமயமன்று, வீடுதோறுஞ் செல்வது நம் மரபன்று" என்று கூறி அமைவாரும் உளர். இது நம் பெரியோர் சரிதம் அறியாதார் கூற்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கனுள் முதலாவதாகிய சரியை, உடம்பாற் செய்யுந் தொண்டே. அந்நெறிக்கு எடுத்துக்காட்டாகிய திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப் படையேந்தி ஊரூராய் நடந்தவர். திங்களூர் அப்பூதியடிகள் தாம் கண்டறியாத அவ்வரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தர் வைத்தார். நீர் பருகுவானது சாதி வினவியதாகப் பெரியபுராணத்துள் யாண்டுங் காணோம். நடத்தலும் நீர் வார்த்தலும் நம் சமயத்தினவே. நாம் விட்டதை வேறொருவர் எடுத்துக்கொண்டார். பின்னர் அதனை அவரது சூழ்ச்சியென்கின்றோம்.

இதனை நன்குணர்ந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடத்துப் பல்லாண்டிருந்து பைபிளைத் தமிழாக்கத் துணைசெய்த காலத்து, அவர் அப்பாதிரிமாரின் நாட்கடமையை உள்ளிருந்தே கண்டார். பின்னர் வெறும் வசையோடு நின்றாரா? 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கந் தொடங்கினார். 1848இல் பாடசாலை நிறுவினார். அடுத்த ஆண்டே அச்சுக்கூடம் வைத்தார். 1864இல் சிதம்பரத்தும் பள்ளி அமைத்தார். பள்ளிக்குப் பள்ளி, அச்சுக்கு அச்சு, பிரசங்கத்துக்குப் பிரசங்கம். கண்டனமும் எழுதினார், ஆனாற் கண்டனத்தின் பின்னே ஒரு வாழ்நாட் பணி நின்றது. இந்நாளில் அவர் கண்டனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பணியை விட்டுவிட்டோர் தம்மை அவர் வழியினரென்று சொல்லிக்கொள்வது பிழை.

மற்றொன்று. கடல் கடந்து குடியேறியவர் பாதிரிமார் மட்டுமல்லர். 1860இல் சென்னையினின்று கப்பலேறி நேட்டாலிற் கரும்புத் தோட்டஞ் சென்றோர், மலையா நாட்டு இரப்பர்க் காட்டிலும், மொரீசியசிலும், பீஜித் தீவிலும் உழைத்தோர் யாவர்? அவருட் பலர் சிவனையும் முருகனையும் மாரியம்மையையும் வணங்கிய ஏழைத் தமிழர். அவர்பொருட்டு ஓதுவார் எத்தனைபேர் உடன் சென்றனர்? பண்டிதர் எத்தனைபேர் அவ்வரிசைக் குடில்களில் ஓராண்டேனுந் தங்கினர்? அவ்வேழைகள் தாமே தகரக் கொட்டகையிட்டு வேல் நாட்டி வழிபட்டனர். அவையே இன்று பெருங்கோயில்களாய் விளங்குகின்றன. அவர் பேரப்பிள்ளைகளிற் பலர் தமிழ் மறந்து, ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசுகின்றனர். அவர்க்குத் திருமுறைப் பொருள் உணர்த்த விரும்புவோன், சீகன்பால்கு மணலில் எழுதியதுபோல அவர் மொழியை அவர் பிள்ளைகளோடிருந்து கற்கவேண்டும். விமானமேறி ஒரு வாரஞ் சென்று பொன்னாடை பெற்று மீள்வது தொண்டாகாது.

ஆகலின் சைவ நன்மக்கள் செய்யக்கடவன சில. திருக்கோயிலுள்ள ஊர்தோறும் மாலையில் ஒருநாழிகை, எத்தெருப் பிள்ளையாயினும் வந்து அமர்ந்து தேவாரம் பயில ஏற்பாடு செய்க. ஆதீனங்களிற் கற்று வெளிவரும் இளைஞர், நகரத்து மேடைகளை நாடுமுன், கோயிலும் பள்ளியும் அரியவாகிய சிற்றூரொன்றில் மூன்றாண்டு குடியிருக்க. நோயுற்றார் வீட்டிற்குத் திருநீற்றோடு மருந்தும், சாவு நேர்ந்த வீட்டிற்குத் திருவாசகத்தோடு தோள்வலியும் கொண்டு செல்க. இவற்றைச் செய்தபின் பாதிரிமாரைக் கண்டிக்க விரும்பின் கண்டிக்க. அப்போது அதற்கு நேரமிருப்பின்.

இலஞ்சிக் குமரன் வாயிலைக் கடந்து ஆண்டுதோறும் பல்லாயிரவர் அருவிக்குச் செல்கின்றனர். அவருள் ஒருவனேனும் வழியில் நின்று, பசித்தவனுக்கு ஒரு கவளமும் எழுத்தறியாச் சிறுவனுக்கு ஓரெழுத்தும் அளிப்பானாயின், அன்று சைவம் தன் வீட்டிற் குடிபுகுந்ததாகும். தன் வீட்டிற் குடியிராத சமயம், அயலான் குடிபுகுந்தானென்று முறையிடுவதிற் பயனில்லை.

திருச்சிற்றம்பலம்.