எரிந்த ஏடும் எறிந்த ஏடும்

ஜோகூர்த் தோட்டத் தமிழருக்கு எழுதப்பட்ட வரலாறு இல்லை. ஆவணமே இல்லாதபோது எதைக் கொண்டு எழுதுவது எனக் கேட்போர் பலர். அயர்லாந்தின் செய்தியை அறிந்தோர் இவ்வாறு கேட்கமாட்டார்.

1922 சூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரில், டப்ளின் நகர ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட குடிக்கணக்கில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1881, 1891ஆம் ஆண்டுகளின் ஏடுகளையோ முதல் உலகப் போர்க்காலத்தில் அரசே கூழாக்கிவிட்டிருந்தது. ஆயினும் அந்நாட்டு வட்டார வரலாற்றாளரும் குடிவழி ஆய்வாளரும் கைகட்டி அமர்ந்தாரில்லை. தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடு, கல்லறை எழுத்து, 1847 முதல் 1864 வரை தொகுக்கப்பட்ட நிலமதிப்பீட்டுப் பட்டியல், முதியோர் நினைவு ஆகியவற்றைத் துருவித் தத்தம் ஊரை மீட்டெழுதினர். எட்வர்டு மெக்லைசாட் 1957இல் வெளியிட்ட நூல் அயர்லாந்தின் குடிப்பெயர்களை ஆராய்ந்தது.

தமிழருக்கு அக்குடிப்பெயரும் இல்லை. அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’ என்பதன்பின் தந்தை பெயரோடு வரி முடிகிறது. பாட்டனுக்கு அங்கே இடமில்லை. சயாம் மரண இரயில் பாதையில் மடிந்த தோட்டத் தமிழருள் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை. எனவே எஞ்சிய தாள் ஒவ்வொன்றும் இருமடங்கு மதிப்புடையது.

அத்தாள்கள் படும் பாடு என்ன? தோட்டம் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதியாகி, பள்ளி இடம் மாறும் நாளில், மாணவர் சேர்க்கைப் பதிவேடும் கோயில் திருவிழாக் கணக்கும் கிராணியார் எழுதிய சம்பளப் புத்தகமும் குப்பையோடு குப்பையாகப் போகின்றன. அங்கே தீ தின்றது. இங்கே படித்தவர் கையே எறிகிறது. மேடையில் ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசுவோர்க்கு எண்பதாண்டுப் பழமை கண்ணில் படுவதில்லை!

குடிவழி தேடுவது சாதியைத் தோண்டுவதாகும் என அஞ்சுவாரும் உளர். அச்சம் பொருளற்றதன்று, கப்பலேறியோர் சாதியையும் உடன் கொணர்ந்தனர். ஆனால், எந்த ஊரார், எந்தக் கங்காணியுடன் எந்த ஆண்டு வந்தார், எத்தோட்டத்தில் பால்மரம் சீவினார், எங்கே புதைக்கப்பட்டார் என வினவுதற்குச் சாதி வேண்டுவதில்லை. பெண்டிர் பெயரைக் கேட்டெழுதுதல் இதனினும் தேவை. தந்தைவழிப் பெயர்முறையில் பாட்டி எந்நாளும் இடம்பெறாதவள்.

1938இல் இந்திய அரசு தோட்டத்திற்கு ஆளனுப்புவதை நிறுத்தியது. அதற்குமுன் வளர்ந்த வயதில் வந்தோர் இன்றில்லை எனலாம். அவர்தம் மக்களே எஞ்சிய சாட்சிகள், அவர்களுக்கும் எண்பது கடந்துவிட்டது. குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் வட்டாரத் தமிழாசிரியர், ‘பாட்டி சொன்ன கதை’ எனக் கட்டுரை எழுதப் பணிக்கும்போது, காக்கை நரிக் கதையை விட்டு, பாட்டி பிறந்த லயத்தின் பெயரையும் அவள் தாயின் பெயரையும் கேட்டுவரச் சொல்லலாம். இந்தப் பள்ளி விடுமுறையிலேயே அதைச் சொல்லலாம்.