ஒருநாட் சமையலும் ஒருவாரச் சிக்கனமும்

ஞாயிற்றுக்கிழமையன்றே வாரம் முழுவதற்கும் கறி சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடும் வழக்கம் இக்காலத்தில் நம்மவர் வீடுகளிலும் புகுந்திருக்கின்றது. உத்தியோகம் பார்க்கும் என் மகள் அதனைத் தொடங்கிய அன்று, "வெள்ளிக்கிழமையும் பழங்கறியோ?" என்று முகஞ் சுளித்தேன். அவள் மறுமொழி கூறாது கணக்குக் கொப்பியை என்முன் வைத்தாள். அடுப்பை ஒருமுறை மூட்டி நான்கு கறிகளை முடிக்கின்றாள். சந்தைக்கு ஒருமுறை போனாற் போதுமாகின்றது. மதியத்துக்குக் கடையிற் சோற்றுப் பொதி வாங்குஞ் செலவு அற்றுப்போகின்றது. 2022 ஆம் ஆண்டிலே சமையல் எரிவாயுவுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இக்கணக்கின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. பண்டிதனாகிய நான் வாய் மூடினேன்.

பின்னர் எண்ணிப் பார்த்தேன். இவ்வழக்கம் நமக்கு முற்றிலும் புதியதன்று. அரிசிமாவை இடித்து வறுத்து வைத்துக்கொண்டு பல நாள் பிட்டும் இடியப்பமும் அவித்தவர் நம் தாய்மார். மோர்மிளகாய், வடகம், புழுக்கொடியல், பனாட்டு என்பன எல்லாம் வருநாளுக்கென முன்னரே முடித்து வைத்த சமையலன்றோ?

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னோர் பொருளிலுள்ள நீரை வெயிலால் வற்றச் செய்தனர். அன்றி, உப்பையும் புளிப்பையும் காவல் வைத்தனர். அதனாலே அவை மாதக்கணக்கிற் கெடாதிருந்தன. குளிர்சாதனப் பெட்டியோ கெடுதலைத் தாமதப்படுத்துவதேயன்றித் தடுப்பதன்று. 5 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்தாலும் சமைத்த கறி 3 அல்லது 4 நாளே நிற்கும். சோற்றிலோ இடர் பெரிது. அதிலுள்ள ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் கொதியிலும் சாவதில்லை. சோற்றை நெடுநேரம் வெளியே விட்டால் அவை பெருகி உண்டாக்கும் நஞ்சு, மீளச் சூடாக்கினாலும் ஒழிவதில்லை. உறையவைத்த உணவு இன்னும் பல நாள் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் அதுவும் மின்சாரத்தை நம்பியே இருக்கின்றது. 2022 இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நீண்டதை மறத்தல் கூடுமோ? அண்மையிலும் ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டில் மின்சாரம் பகல் முழுதும் நின்றுபோயிற்று. மாலையிலே, எஞ்சியிருந்த கறிகளையெல்லாம் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். அம்மாதத்து மிச்சம் மண்ணுக்குட் போயிற்று.

சுவையையும் எண்ணல் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையிலே, உழுதொழிலாளர் வீட்டுச் சிறுவர் பழஞ்சோற்றை வெறுத்துப் புதிய அவலை இடிக்குங் காட்சி வருகின்றது. சங்ககாலத்துப் பிள்ளைகளே அலுத்துக்கொண்டனர் என்றால் இக்காலத்துப் பிள்ளைகளைச் சொல்வானேன்? வீட்டிலே கறியிருக்கப் பிள்ளை கடைக்கு ஓடுமாயின் சிக்கனம் எங்கே?

ஆகலின் எழுநாட் சமையல் வேண்டா என்பதே என் கருத்து. ஞாயிறு ஒருமுறை, புதன் ஒருமுறை எனப் பகுத்துக்கொள்க. சோற்றையும் தேங்காய்ப்பாற் கறியையும் அன்றன்று ஆக்குக. வறுத்த மா, சரக்குத்தூள் முதலியவற்றை மாதத்துக்கும், அவித்த கடலை பயறுகளை மூன்று நாளுக்கும் ஆயத்தமாக வைத்துக்கொள்க. முன்னேற்பாடு இருப்பின், நாட்சமையல் அரைமணி நேரத்தில் முடியும்.

இனி, முதன்மையான ஒன்று. ஒரு ஞாயிறு பிற்பகல், அடுக்களைச் சுவரிற் சாய்ந்தபடி மகள் உறங்கிக் கிடந்தாள். கையில் மஞ்சள் காயவில்லை. வாரமெல்லாம் அலுவலகத்தில் உழைத்தவள், ஓய்வுநாளையும் அடுப்புக்குக் கொடுத்திருந்தாள். கொப்பியிலே எரிவாயுவுக்கு வரி இருந்தது. காய்கறிக்கு வரி இருந்தது. அவள் இழந்த ஓய்வுக்கு வரி இல்லை. வீட்டார் அனைவரும் உண்ணும் சிக்கனத்துக்கு ஒருத்தி மாத்திரம் விலை கொடுப்பாளாயின், அதனைச் சிக்கனம் என்று சொல்ல என் தமிழ் இடந்தரவில்லை.

அன்று முதல் ஞாயிறும் புதனும் வெங்காயம் உரிப்பதும் தேங்காய் துருவுவதும் என் பணி. சென்ற கிழமை என் துருவலில் சிரட்டைத் துகளும் கலந்திருந்ததென மகள் குறை கூறினாள். மாணாக்கரின் பிழைகளைத் திருத்தியே பழகிய நான் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அடுத்த ஞாயிறு இன்னும் கவனமாகத் துருவுவேன்.