ஒரே ஒரு குரல் போதும்

பதின்வயதுப் பிள்ளைகளுக்கான ஃபேண்டஸி கதைகள், விஞ்ஞானச் சிறுகதைகளை ஒலியாகப் பதிவு செய்து இலவசமாகத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் என் நண்பர்கள் முதலில் ஆச்சரியப்படுவார்கள். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றிக் கையில் கொடுப்பார்கள். "ஒருத்தர் உட்கார்ந்து புஸ்தகம் படிக்கிறாரு, அவ்வளவுதான? மியூசிக் இல்ல, எஃபெக்ட் இல்ல. விண்கலம் பறக்குதுன்னா ஒரு 'உய்ய்ங்' சத்தமாவது வேணாமா?"

வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இந்த மாதிரிக் கதைகளுக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு மனிதக் குரல் போதும். அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொன்றும் கேட்பவனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்கிறது. அந்த மனிதக் குரலையும் எடுத்துவிட்டு இயந்திரத்தை உட்கார வைத்தால் கதையில் பாதி போய்விடும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 2005-இல் அமெரிக்காவில் செரா ஈலி என்பவர் 'எஸ்கேப் பாட்' என்ற பாட்காஸ்டைத் தொடங்கினார். வாரம் ஒரு விஞ்ஞானச் சிறுகதை. எழுதியவருக்குப் பணம் கொடுத்துக் கதையை வாங்கி, ஒருவரைப் படிக்க வைத்து, கேட்பவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பது. செலவுக்குக் கேட்பவர்கள் விரும்பித் தரும் நன்கொடை. 2006-இல் திகில் கதைகளுக்கு 'சூடோபாட்', 2008-இல் ஃபேண்டஸிக்கு 'பாட்காசில்' என்று அந்தக் குடும்பம் வளர்ந்தது. இளம் வயதினருக்கென்றே 2011-இல் தொடங்கிய 'காஸ்ட் ஆஃப் வொண்டர்ஸ்' பிற்பாடு இதே குடும்பத்தில் வந்து சேர்ந்தது. அவர்கள் மனதில் வைத்திருக்கும் வயது 12 முதல் 17. கதை 6,000 வார்த்தைக்கு மிகக்கூடாது. ஆங்கிலத்தை நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 150 வார்த்தை என்று வையுங்கள், மிக நீளமான கதையே 40 நிமிடம்தான். என் கல்லூரிப் பேருந்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

இதெல்லாம் ஏன் முக்கியம் என்றால், பதின்வயதினருக்கு நாவல்கள் கொட்டிக் கிடக்கின்றன, சிறுகதை வெளியிட இடமே இல்லை. அமெரிக்காவில் இந்த வயதினருக்கென்றே 1998-இலிருந்து வந்துகொண்டிருந்த 'சிகாடா' என்ற இலக்கியப் பத்திரிகை 2018-இல் நின்றுபோனது. பதிப்பாளர்களுக்கு வேண்டியது மூன்று பாகம், ஐந்து பாகம், பிறகு ஒரு சினிமா. ஒரே மூச்சில் முடிகிற கதைக்கு இந்த வயதில் ஒரு தனி வேலை இருக்கிறது என்பதை அவர்கள் யோசிக்கிற மாதிரித் தெரியவில்லை.

என்ன வேலை? ரே பிராட்பரியின் 'ஜீரோ ஹவர்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1947-இல் வந்தது. ஊரிலுள்ள சின்னப் பிள்ளைகள் எல்லோரும் 'படையெடுப்பு' என்று ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். உண்மையிலேயே வேற்றுக்கிரகத்தார் படையெடுக்கப் போகிறார்கள், பிள்ளைகள்தான் அவர்களுக்கு உதவி. பெரியவர்கள் யாரும் நம்புவதில்லை. இந்தக் கதையைப் பற்றிப் பேசும் எல்லோரும் மிங்க் என்ற ஏழு வயதுச் சிறுமியையும் அவள் அம்மாவையும் பற்றியே பேசுவார்கள். எனக்கு மனதில் நிற்பது, நடுவில் ஒரே நிமிடம் வந்து போகும் பன்னிரண்டு வயதுப் பையன். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறான். நீ பெரிய பையன், எங்களைக் கேலி செய்வாய் என்று துரத்திவிடுகிறார்கள். சின்னவர்களோடும் சேர முடியாது, பெரியவர்களோ இவனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. படையெடுப்பு நடக்கும் நாளில் இரண்டு பக்கத்திலும் இடமில்லாதவன் அவன் ஒருவன்தான். காஸ்ட் ஆஃப் வொண்டர்ஸ் மாதிரியான இடங்களில் வரும் கதைகள் எல்லாமே அந்தப் பையனுக்காக எழுதப்பட்டவை என்று எனக்குத் தோன்றும். உடம்பு மாறுகிற வயதில் ஓநாயாக மாறுகிறவனின் கதை, வீட்டில் யாருக்கும் கண்ணில் படாமல் போகிறவளின் கதை. இவற்றுக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. கேட்கிற பிள்ளைக்குத் தெரியும்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

பிராட்பரியின் இன்னொரு கதை 'ஆல் சம்மர் இன் எ டே', 1954. வெள்ளிக் கிரகம். ஏழு வருடமாக விடாத மழை, பிறகு சிறிது நேரம் மட்டும் வெயில். பள்ளிப் பிள்ளைகள், பூமியிலிருந்து வந்து வெயிலை நினைவு வைத்திருக்கும் ஒரு பெண்ணை, அந்த வெயில் வரும் நேரம் பார்த்து அறையில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். இதை ஒலிக்கதையாக்கச் சொல்லி ஒரு ஸ்டூடியோவிடம் கொடுத்தால் முதல் வேலையாக மழைச் சத்தத்தைப் போடுவார்கள். அது யாரோ எங்கோ ஒரு மைக்கை நீட்டிப் பிடித்த பூமி மழை. நான் கேட்க நினைப்பதோ ஏழு வருடம் ஓயாத மழை. அதை என் மண்டைக்குள் நான்தான் பெய்ய வைக்க வேண்டும். எனக்கு அது எங்கள் வீட்டுப் பின்கட்டுத் தகரத்தில் விழும் மழை, உங்களுக்கு வேறு. ஸ்பீக்கரில் ஒரு மழை வந்துவிட்டால் இரண்டும் நின்றுவிடும்.

நியாயமாகப் பேசினால் இங்கே எதிர்க்கட்சிக்கும் ஒரு பாயிண்ட் இருக்கிறது. மழை நிற்கும் கணத்தில் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் பிள்ளைகள் காதில் கை வைத்துப் பார்க்கிறார்கள். அதுவரை பத்து நிமிடம் மழையைக் கேட்டுவிட்டு அது சட்டென்று நின்றால் நமக்கும் பகீரென்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல வாசிப்பாளர் அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினால் போதுமே. நான் கேட்டவரை, நல்ல வாசிப்பாளர்களுக்குப் பேசுவதைவிட நிறுத்துவது நன்றாகத் தெரியும்.

நாடகமாக எழுதப்பட்டவற்றை நான் குறை சொல்லவில்லை. 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி' 1978-இல் பிபிசி ரேடியோ 4-இல்தான் முதலில் வந்தது, புத்தகம் அதற்கு அடுத்த வருடம். டக்ளஸ் ஆடம்ஸ் அதைச் சத்தத்தோடு சேர்த்தே கற்பனை செய்தவர். 1950-இல் என்பிசி வானொலியின் 'டைமென்ஷன் எக்ஸ்' தொடர் மேலே சொன்ன ஜீரோ ஹவரையே நாடகமாகப் போட்டது. அது ஒரு கலை. ஒலிக்கதை வேறு கலை. நாடகத்தில் நாம் ஒட்டுக் கேட்கிறோம். கதை வாசிப்பில் ஒருவர் நமக்கே நமக்கென்று சொல்கிறார். பதினான்கு வயதில், நமக்கே நமக்கென்று யாராவது எதையாவது சொல்வது எவ்வளவு அபூர்வம்!

ஒரே குரலில் எப்படிப் பல பாத்திரங்கள் வரும் என்பவர்கள் லெவார் பர்ட்டனைக் கேட்டுப் பார்க்கலாம். 'ரீடிங் ரெயின்போ' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியை 1983 முதல் 2006 வரை நடத்தியவர், 'ஸ்டார் ட்ரெக்' நடிகர். 2017 முதல் 2024 வரை 'லெவார் பர்ட்டன் ரீட்ஸ்' என்று பெரியவர்களுக்காகச் சிறுகதைகள் படித்தார். முதல் கதையே புரூஸ் மக்காலிஸ்டர் எழுதிய 'கின்'. பிறக்கவிருக்கும் தங்கையைக் காப்பாற்ற, பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு வேற்றுக்கிரகக் கொலையாளியிடம் பேரம் பேசுகிறான். மறுபடியும் பன்னிரண்டு வயது, பாருங்கள்! பர்ட்டன் நிகழ்ச்சியில் கொஞ்சம் இசையும் சத்தமும் உண்டு. அவை இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. பையனின் பயத்தையும் வேற்றுக்கிரகத்தானின் நிதானத்தையும் அந்த ஒரு தொண்டைதான் சுமக்கிறது.

"கேட்பது படிப்பாகுமா, சோம்பேறித்தனம்தானே?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இதை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் பெரியவர்கள் சிலருக்கு ஒரே புத்தகத்தின் பகுதிகளைப் படிக்கவும், கேட்கவும், இரண்டையும் சேர்த்துச் செய்யவும் கொடுத்தார்கள். புரிந்துகொண்டதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் 2010-இல் வந்த இன்னோர் ஆய்வில், பாடக் கட்டுரையைப் பாட்காஸ்டாகக் கேட்ட கல்லூரி மாணவர்கள் தேர்வில், அதைப் படித்தவர்களைவிடக் குறைவாக வாங்கினார்கள். அடுத்த செமஸ்டருக்குப் பாடத்தை ரெக்கார்ட் செய்து பேருந்தில் கேட்டே பாஸாகிவிடலாம் என்று திட்டம் போட்டிருக்கும் நண்பர்கள் கவனிக்க! எனக்கு இரண்டிலும் முரண்பாடு தெரியவில்லை. பாடத்தில் புரியாத வரிக்குத் திரும்பிப் போக வேண்டும், கண்ணுக்கு அது சுலபம். கதையோ முன்னால் மட்டும் போவது. பாட்டி கதை சொல்லும்போது யாரும் ரீவைண்ட் கேட்டதில்லை.

பிரிட்டனில் நேஷனல் லிட்டரசி டிரஸ்ட் 8 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த 2024 கணக்கெடுப்பில், ஓய்வு நேரத்தில் ஒலியில் கேட்பது பிடிக்கும் என்றவர்கள் ஐந்தில் இருவருக்கு மேல். படிப்பது பிடிக்கும் என்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். காது முந்திவிட்டது. அந்தக் காதுக்கு யார் படிக்கப் போகிறார்கள் என்பதுதான் இப்போது கேள்வி.

2023 ஜனவரியில் ஆப்பிள் தன் புத்தகக் கடையில் இயந்திரக் குரல் படிக்கும் ஒலிப்புத்தகங்களைக் கொண்டுவந்தது. 2025-இல் ஆடிபிளும் பதிப்பாளர்களுக்கு அந்த வசதியைத் தருவதாக அறிவித்தது. இயந்திரக் குரல்கள் முன்பு மாதிரித் திக்கித் திணறுவதில்லை, சில சமயம் ஒரு பக்கம் வரை வித்தியாசமே தெரியாது. என் பயம் பெரிய நாவல்களைப் பற்றியல்ல. பிரபலமான நடிகரின் குரலுக்கு எப்போதும் விலை இருக்கும். பதின்வயதுப் பிள்ளையிடம் கிரெடிட் கார்டு இருக்காது, நன்கொடை தரவும் வழியில்லை. அவர்களுக்கான கதைகள் எப்போதும் வேறு யாரோ போடும் காசில்தான் ஓடுகின்றன. அந்தக் காசு குறையும்போது முதலில் கண்ணில் படும் செலவு, படிப்பவருக்குக் கொடுக்கும் பணமும் எடிட் செய்பவரின் நேரமும்தான். "பசங்களுக்குத்தானே, இது போதும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பசங்களுக்கு என்று வரும்போது 'இது போதும்' என்பது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பதை எந்தப் பள்ளி நூலகத்திலும் பார்க்கலாம்.

இயந்திரம் படித்தால் என்ன போகும்? இந்த வகைக் கதைகளில் பாதி உலகம், அகராதியில் இல்லாத சொற்களால் ஆனது. ஊர்ப் பெயர், சாமி பெயர், இரண்டு நிலவுகளின் பெயர். வாயைத் திறக்கும் முன் எல்லாவற்றுக்கும் ஓர் உச்சரிப்பு முடிவு செய்ய வேண்டும், அகராதியில் தேட முடியாது, எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். அப்புறம், பாத்திரம் பொய் சொல்கிறதா என்ற கேள்வி. "எனக்கொன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்" என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் சொல்லும் வரியைக் கதையின் கடைசிப் பக்கம் தெரிந்தவர் படிப்பது ஒரு விதம், தெரியாதவர் படிப்பது இன்னொரு விதம். இயந்திரத்துக்கும் கடைசிப் பக்கம் கையில் இருக்கிறது. ஆனால் அந்த வரியை எப்போதாவது தானே ஒருவரிடம் சொல்லிப் பார்த்த அனுபவம் அதற்கு இல்லை.

மனிதர்கள் தப்பே செய்வதில்லை என்று சொல்ல வரவில்லை. பெயர் வேண்டாம், ஓர் ஒலிக்கதையில் தமிழ்ப் பாட்டி ஒருத்தி வருகிறாள், கயல்விழி என்று பெயர். படித்தவர் அதைக் 'கயால்விஸி' என்று அரை மணி நேரம் படித்தார். எனக்குப் பல் கூசியது. கதையோ அருமையான கதை! எழுதியவரிடம் ஒரு வரி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும், 'ழ' வராவிட்டாலும் 'ல' வரையாவது வந்திருப்பார். கதை எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்ப் பேச்சு காதில் பழகியவரைத் தேடிப் படிக்க வைப்பது கூடுதல் வேலைதான். அந்த வேலையைச் செய்தால்தான் அந்தப் பாட்டி பாட்டியாக வருவாள். இயந்திரத்தின் கையில் அவள் எல்லாக் கதையிலும் ஒரே சீராகக் 'கயால்விஸி' ஆகிவிடுவாளோ என்பதுதான் கவலை.

ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. செய்தியை அப்படிக் கேளுங்கள், கிரிக்கெட் அலசலையும் கேளுங்கள். கதையை வேண்டாம். வாசிப்பாளர் நிறுத்தும் அந்த அரை விநாடிக்குத்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் காஸ்ட் ஆஃப் வொண்டர்ஸில் பதினைந்து நிமிடத்துக்குள் முடியும் ஒரு குட்டிக் கதையில் ஆரம்பிப்பது நல்லது. ஆங்கிலம் காதுக்குப் பழகவில்லையே என்று தயங்க வேண்டாம். பெரும்பாலும் கதையின் எழுத்து வடிவத்தையும் கூடவே கொடுத்துவிடுகிறார்கள், முதல் இரண்டு கதைக்குப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். மூன்றாவது கதைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.