நாளுக்கு முப்பது சொல்

"கடினமான ஆங்கிலச் சொற்களைக் கருத்தோடு நாளுக்கு முப்பது பாடமாக்கு, ஆறு மாதத்தில் ஆங்கிலம் வந்துவிடும்." யாழ்ப்பாணத்து ரியூட்டறிகளிலும் வீடுகளிலும் இது வேதவாக்காகிவிட்டது. நான் இதை ஏற்கவில்லை.

கருத்து என்று கொப்பியில் ஏறுவது என்ன? 'நொட்டோரியஸ்' என்பதற்கு நேரே 'பிரபலமான' என்று ஒரு சொல். அதை நம்பி ஒரு பிள்ளை தன் அதிபரைப் புகழ்ந்து எழுதினால், அவர் கெட்ட பேர் எடுத்தவர் என்றல்லவா ஆகும்? 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' இரண்டுக்கும் 'மெலிந்த' என்றே இருக்கும். முன்னது பாராட்டு, பின்னது பெரும்பாலும் குறை. எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதைப் பட்டியல் காட்டுவதில்லை. பிறகு, பிள்ளை உழைக்கவில்லை என்று ஏசுகிறோம்.

"அந்தக் காலத்தவர்கள் அகராதியையே பாடமாக்கினவர்கள்" என்பார்கள். ஆனால் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் கணிதத்தோடும் வானவியலோடும் வந்தது. கூடவே தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கப்பட்டன. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தவரும் அவரே.

"தமிழை ஒதுக்கினால்தான் உயர்ந்த ஆங்கிலம் பதியும்" என்ற பேச்சுத்தான் என்னை மிகவும் நோகச் செய்வது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன் ஆங்கிலத்தில் தொடங்கி, 1864 முதல் தமிழுக்கு மாறினார். 'அனற்றமி'க்கு அங்காதிபாதம், 'பிசியோலஜி'க்குச் சுகரணம் என்ற சொற்கள் வழங்கின. 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' நூலாக வந்தது. உறுப்பின் அமைப்பைச் சொல்வது எது, அதன் தொழிலைச் சொல்வது எது என்று எல்லை பிரித்தறியாமல் இந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் தேர்ந்திருக்க முடியாது. அப்படி மல்லுக்கட்டியவருக்கு அந்த ஆங்கிலச் சொற்கள் மறக்குமா?

வெளிநாடு போக ஐஈஎல்ரீஎஸ் எழுதுபவர்களுக்காவது பட்டியல் வேண்டாமா? அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம், மெய்தான். ஆனால் அரிய சொல்லை இடமறிந்து கையாண்டால்தான் அங்கே மதிப்பு.

முப்பதை மூன்றாக்கலாம். அந்த மூன்றையும் பிள்ளை ஒரு கதையிலோ செய்தியிலோ தானே கண்டெடுக்கட்டும். அவை நின்ற வசனத்தை முழுதாகக் கொப்பியில் எழுதி, அதன் கீழே தன் ஊரைப் பற்றி ஒரு வசனம் அமைக்கட்டும். ஆசிரியர் அதைச் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுக்கட்டும்.