கார்க் கதவில் கரகரப்பா? காதையும் கைப்பணத்தையும் காப்பாற்றுங்கள்!

"கார் ஸ்பீக்கர் மாற்றுவதெல்லாம் ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்பது நம் குழந்தைகளின் காது. கடையில் எண்ணிக் கொடுப்பது நாம் மிச்சம் பிடித்த பணம். மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்கி, ஜாரைத் தட்டிப் பார்த்து, மோட்டார் எத்தனை வாட் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் புத்தி இதற்கும் போதும்.

எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் காருக்குப் பஞ்சமில்லை. மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து 1999-ல் 'ஐகான்' வந்தது. 2022-ல் அங்கே கார் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் அங்கே பிறந்த வண்டிகள் இன்றும் எங்கள் தெருக்களில் ஓடுகின்றன. இப்படிக் கைமாறி வரும் கார்களில் எஞ்சின் நன்றாகவே இருக்கும். கதவிலுள்ள ஸ்பீக்கர்தான் ஜலதோஷம் பிடித்த மாதிரி பேசும்.

காரணம் என்ன? கம்பெனியிலிருந்து வரும் ஸ்பீக்கர்கள் பலவற்றில் கூம்பு காகிதத்தால் ஆனது. பின்னால் இருக்கும் காந்தமும் சின்னது. அதோடு எங்கள் கடற்கரையின் உப்புக் காற்று! மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்பு அரிக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்மேல் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு வளர்த்திருக்கிறார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால் தகரத்துக்கும் செம்புக் கம்பிக்கும் கேட்க வேண்டுமா?

எங்கள் வீட்டில் இது பெரிய பஞ்சாயத்து. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் சுமார் 30 கிலோமீட்டர். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்னம்மா பாடறான், ஒரு வார்த்தையும் புரியலையே, சத்தம் வை" என்பார். சத்தம் வைத்தால் பக்கத்திலிருக்கும் பேத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "வேணாம் தாத்தா, வலிக்குது!" என்று அழும். இருவர் சொல்வதும் நியாயம்தான். குறைந்த சத்தத்திலேயே வார்த்தை தெளிவாகக் கேட்டால் இருவருக்கும் நல்லது. ஸ்பீக்கர் மாற்றுவது அதற்காகத்தான். ஊரை அதிர வைக்க அல்ல.

முதலில் ஒரு பரீட்சை. வண்டியின் செட்டில் 'பேலன்ஸ்', 'ஃபேடர்' என்று இரண்டு வசதி இருக்கும். ஒலியை இடது, வலது, முன், பின் என்று ஒவ்வொரு கதவாக நகர்த்திக் கேளுங்கள். எந்தக் கதவு கரகரக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு கதவில் மட்டும் விட்டு விட்டுக் கேட்டால் ஒயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். அதைச் சுத்தம் செய்தாலே போதும். 'பேஸ்' குறைத்ததும் சத்தம் சரியானால், அடித்துக்கொள்வது தளர்ந்த கிளிப்பாகக்கூட இருக்கலாம். நாலும் பாழ் என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டாதீர்கள்!

வாங்கும்போது கேட்க வேண்டியவை:

1. அளவு. பல சிறிய கார்களின் முன் கதவில் 6.5 அங்குலம் பொருந்தும். ஆனால் வண்டிக்கு வண்டி மாறும். ஆழமும் முக்கியம். காந்தம் பெரிதாக இருந்தால் ஜன்னல் கண்ணாடி இறங்கும்போது இடிக்கும்.

2. வாட். அட்டைப் பெட்டியில் 300 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஒரு கணத்துக்கு உச்சம். 'ஆர்.எம்.எஸ்.' எத்தனை என்று கேளுங்கள்; தொடர்ந்து தாங்குவது அதுதான். 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் சாதாரண செட் ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் தருவது 15 முதல் 20 வாட் வரைதான்.

3. டெசிபல். 88 என்று போட்ட ஸ்பீக்கரைவிட 91 என்று போட்டது அதே மின்சாரத்தில் கூடுதலாக ஒலிக்கும். 3 டெசிபல் கூடுவது செட்டின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். தனி ஆம்ப்ளிஃபயர் செலவு மிச்சம்.

4. ஓம். செட் 4 ஓமுக்கானது என்றால் 4 ஓம் ஸ்பீக்கரே வாங்குங்கள். 2 ஓம் மாட்டினால் செட் சூடேறிக் கெடலாம்.

5. கடலோரத்தில் இருப்பவர்கள் பாலிபுரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதாகப் பாருங்கள். ஃபோம் விளிம்பு ஈரக்காற்றில் நாளடைவில் பொடிந்துவிடும்.

இனி மாட்டும்போது. நாமே திருப்புளி பிடிக்காவிட்டாலும் பக்கத்தில் நின்று பார்க்கலாம் அல்லவா?

முதலில் பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகள் சிலவற்றில் கதவுக்குள்ளேயே அதன் உணர்கருவி இருக்கும். அப்படியானால் அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கிடமே விடுங்கள். டோர் பேடை இரும்புத் திருப்புளியால் நெம்பாமல் பிளாஸ்டிக் நெம்பியால் எடுக்கச் சொல்லுங்கள். ஒயரை வெட்டி முறுக்க விடாதீர்கள். அந்த வண்டிக்கான கப்ளர் கிடைக்கும்.

டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அது குப்பையல்ல! மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குவது சகஜம். அடியிலுள்ள சிறு துளைகளில் அது வடிந்துவிடும். அந்த ஈரம் வண்டிக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். என் நாத்தனார் வண்டியில் ஒரு கடைக்காரர் அவசரத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். ஐப்பசி மழையில் கீழே விரித்த கார்ப்பெட் ஊறி, பூசணம் பூத்து, குழந்தைக்கு ஓயாத தும்மல். ஆகவே தாளைப் பழையபடி ஒட்டியாயிற்றா, வடிதுளையில் மணல் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கதவை மூடச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையமும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மரத்தூள் பலகை ஈரத்தில் ஊதிவிடும்.

இன்னொன்று, பிளஸ், மைனஸ். ஒரு கதவில் மாறிப்போனால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும்; மிருதங்கத்தின் தொப்பி ஒலியே காணாமல் போகும். செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரில் 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு கணம் தொடுங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் தொட்டால் கூம்பு முன்னால் வரும். டோர் பேடை மூடுமுன் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் நம் வேலையே தொடங்குகிறது! பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் ஓர் அளவு வகுத்தன. பெரியவர்களுக்கு 80 டெசிபல், வாரம் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். அதாவது, குழந்தை 84 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு 5 மணி நேரத்தோடு சரி. உட்காதிலுள்ள மெல்லிய ரோம அணுக்கள் ஒரு முறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

செல்போனிலுள்ள ஒலி அளக்கும் செயலி சுமாராகக் காட்டும். அதுவும் வேண்டாமென்றால் ஒரு எளிய வழி: பின் சீட்டில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்க வேண்டும். இறங்கியபின் காதில் 'ஙொய்' என்று இரைந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். குழந்தை பின்னால் இருந்தால் 'ஃபேடரை' முன்பக்கம் தள்ளி வையுங்கள்.

காது மந்தமான பெரியவர் வீட்டில் இருந்தால், ஸ்பீக்கர் கடைக்கு முன்னால் காது டாக்டரிடம் ஒரு நடை அழைத்துப் போங்கள். சத்தத்தைக் கூட்டுவது அவருக்கு வைத்தியமாகாது. பேரப்பிள்ளைக்கோ அது தீராத கேடாகிவிடும்.